பால்பவுடர் டின்னைப் பிரித்துக் கொடுங்கள்

கம்போடியாவின் சியம் ரீப்புக்குத் தன்னார்வப் பணிக்குப் போகிறீர்களா? சுற்றுலாப் பயணிகள் கூடும் பப் ஸ்ட்ரீட் பக்கம் கைக்குழந்தையோடு வரும் பெண், "காசு வேண்டாம், பால்பவுடர் டின் மட்டும் வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்டால், கடை வாசலிலேயே டின்னின் முத்திரையைப் பிரித்துக் கொடுங்கள். பிரிக்காத டின் பலமுறை அதே கடைக்கே திரும்பிவிடும்; கடைக்காரர் குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டு மறுபடி அலமாரியில் வைப்பார். பிரித்ததைத் திரும்ப விற்பது கடினம். பிரிக்க வேண்டாம் என்று அந்தப் பெண் தடுத்தால் விஷயம் புரிந்துவிடும். அதற்காகத் திட்டாதீர்கள், வறுமை நிஜம்தான்.

வளையல், போஸ்ட்கார்டு விற்கும் சிறுவர்களுக்கு இந்த யோசனை உதவாது. அவர்களிடம் வாங்கினால் பள்ளி நேரத்திலும் தெருவில்தான் நிற்பார்கள். சிறுவர் சிக்கலில் இருப்பதாகத் தோன்றினால் சைல்ட்சேஃப் என்ற குழந்தைப் பாதுகாப்பு அமைப்பிடம் சொல்லுங்கள்.