பயனர் குழுவுக்கு வந்தவர்களை விரட்டும் தவறுகள்

காரைக்குடியில் லினக்ஸ், லிப்ரே ஆபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களுக்கு (யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடியவை) ஒரு பயனர் குழு தொடங்குவது பெரிய காரியமில்லை. அழகப்பா பல்கலைக்கழகம், பொறியியல் கல்லூரி, சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் என்று ஆள் கிடைக்கும் ஊர்தான். முதல் கூட்டத்தில் அறை நிரம்பும். மூன்றாவது கூட்டத்தில் நடத்துபவரும் அவருடைய கூட்டாளிகளும்தான் மிச்சம்.

பெரிய தவறு, வந்தவர்களை உட்காரவைத்துப் பேசியே அனுப்புவது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் என்ன செய்தார் என்பதெல்லாம் நல்ல கதைதான். ஆனால் கேட்பவருக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லையே. புதுவயல் அரிசி ஆலையில் கணக்கு எழுதும் ஒருவர் வந்து, "தம்பி, ரசீதை பிடிஎஃப் ஆக்குனா தமிழ் எழுத்து உடையுதுப்பா" என்கிறார் என்று வையுங்கள். "ஃபான்ட்டை மாத்திப் பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனால், அவர் போனவர் போனவர்தான்.

பக்கத்தில் உட்காருங்கள். உதவி மெனுவில் பதிப்பு எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த எழுத்துரு, எந்த எழுத்து உடைகிறது, என்ன செய்தபோது உடைந்தது, வேறு கணினியிலும் அப்படியா என்று வரிசையாக எழுதவையுங்கள். மாதிரிக் கோப்பில் வாடிக்கையாளர் பெயரும் தொகையும் வேண்டாம்; சும்மா இரண்டு வரி போதும். வேறு யாராவது அதே குறையைச் சொல்லியிருக்கிறார்களா என்று, லிப்ரே ஆபீஸின் குறைகளைப் பதியும் தளமான பக்ஸில்லாவில் தேடிவிட்டு, இல்லையென்றால் அவர் கணக்கிலேயே பதியவையுங்கள். நிரல் எழுதத் தெரியாதவரும் செய்யக்கூடிய பங்களிப்பு இது. தமிழ் படிக்கத் தெரிந்தவர் கண்ணுக்குத்தானே அந்தக் குறை தெரியும்! சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

மொழிபெயர்ப்பில் ஆர்வமுள்ளவர்களுக்கு லிப்ரே ஆபீஸின் வெப்லேட், ஃபயர்பாக்ஸின் பொன்டூன் என்ற இரண்டு மொழிபெயர்ப்புத் தளங்கள் இருக்கின்றன.

அப்புறம் இந்த டிஸ்ட்ரோ சண்டை, அதாவது லினக்ஸின் பல வகைகளில் எது நல்லது என்பது. டெபியனா ஆர்ச்சா என்பதைக் கூட்டம் முடிந்து டீக்கடையில் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட மோசம், முதல் நாளே விண்டோஸை அழித்து லினக்ஸ் போட்டுத் தருவது. விண்டோஸில் ஓடும் டேலி மென்பொருளில் கணக்குப் பார்க்கிறவருக்கு மறுநாள் பிழைப்பே நின்றுவிடும். பென்டிரைவிலிருந்து லைவாக, அதாவது கணினியில் நிறுவாமலே, லினக்ஸை ஓட்டிக் காட்டினால் போதும். பிடித்துப்போய் அவரே கேட்டால், கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்த பிறகு நிறுவுங்கள்.

நேரம் குறிப்பதிலும் கோட்டை விடுகிறார்கள். மாலை ஏழு மணிக்குத் தொடங்கினால், தேவகோட்டையிலிருந்து வருகிறவர் பஸ்ஸைப் பார்ப்பாரா, கூட்டத்தைப் பார்ப்பாரா? விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்களால் வரவே முடியாது. நேரத்தை இப்படி வைத்துவிட்டு, "பெண்களுக்கு ஆர்வமில்லை" என்று பேசுவது அநியாயம். ஞாயிறு காலை பத்து மணி பரவாயில்லை. முகூர்த்த நாளாக இருந்தால் தள்ளிப்போடுங்கள். செட்டிநாட்டில் கல்யாணப் பந்தியோடு போட்டிபோட்டு எந்த மென்பொருளும் ஜெயிக்காது.

குழுவின் கடவுச்சொல், அறைக்கு அனுமதி வாங்கும் தொடர்பு எல்லாம் ஒரே ஆள் கையில் இருந்தால், அவருக்குச் சென்னையில் வேலை கிடைத்த மாதமே கடை மூடிவிடும். மூன்று பேரிடமாவது இருக்கட்டும். இரண்டாம் முறை வந்தவரிடமே அடுத்த கூட்டத்தை ஒப்படைத்துப் பாருங்கள். அவர் தடுமாறினாலும், கேட்காமல் மைக்கை வாங்காதீர்கள்.