நடைக்குத் தள்ளுபடி: நெல்லைப் பக்கம் சறுக்கும் இடங்கள்

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானப் பக்கம் விடியற்காலையில் நடக்கிறவர்களிடையே சர்க்கரை, முழங்கால் வலி ஆகிய பேச்சுகளுக்கு அடுத்தபடியாக இப்போது அடிக்கடி காதில் விழுவது, "அண்ணாச்சி, இன்னைக்கு எத்தன ஸ்டெப்ஸ் வந்திருக்கு?" என்ற கேள்விதான். உடம்பைப் பேணுகிற பாலிசிதாரருக்குச் சலுகை தரலாம் என்பதைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2016ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளிலேயே அனுமதித்து, 2020இல் அதற்கு விரிவான வழிகாட்டுதல்களையும் வெளியிட்டது. அதன் பிறகு பல மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் நடைக்கும் உடற்பயிற்சிக்கும் புள்ளிகள் தருகின்றன. அந்தப் புள்ளிகள் சில திட்டங்களில் அடுத்த ஆண்டுப் பிரீமியத்தில் தள்ளுபடியாகவும், சிலவற்றில் மருந்து, மருத்துவர் ஆலோசனை, பரிசோதனை ஆகியவற்றின் செலவுக்கு ஈடாகவும் கிடைக்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால், ஆண்டு முழுவதும் நடந்துவிட்டுப் புதுப்பிக்கும் நாளில் வெறுங்கையோடு நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு முறை நானே அப்படி நின்றிருக்கிறேன்.

முதல் தவறு நடக்கத் தொடங்கும் முன்பே நிகழ்ந்துவிடுகிறது. காய்கறிக் கடையில் கொசுறாகத் தரும் கறிவேப்பிலைக்காக யாரும் கடையைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் தள்ளுபடி சதவீதத்தைக் கேட்டதும் பாலிசியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். ஒரு கணக்கைப் பாருங்கள். ஆண்டுப் பிரீமியம் 20,000 ரூபாய் என்றும், நடைக்குக் கிடைக்கும் தள்ளுபடி 10 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால் மிச்சமாவது 2,000 ரூபாய். அதே பாலிசியில் மருத்துவச் செலவில் 20 சதவீதத்தை நாமே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், 3 லட்சம் ரூபாய் பில்லுக்கு நம் பங்கு 60,000 ரூபாய். முப்பது ஆண்டு நடந்து சேர்த்த தள்ளுபடி ஒரே வாரத்தில் போய்விடும். அறை வாடகைக்கு வரம்பு உள்ள பாலிசி இன்னும் சிக்கலானது. நாளொன்றுக்கு 4,000 ரூபாய் வரம்பு இருக்கும்போது 8,000 ரூபாய் அறையில் தங்கினால் வாடகையில் மட்டும் பாதி வெட்டுப்படுவதில்லை. மருந்து, பரிசோதனை போன்றவை நீங்கலாக, மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் முதலியனவும் அதே விகிதத்தில் குறைக்கப்படலாம். ஆகவே பாலிசி வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி, வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ நம் குடும்பம் வழக்கமாகச் செல்லும் மருத்துவமனையில் பணமில்லாச் சிகிச்சை (பில்லை நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகக் கட்டிவிடும் ஏற்பாடு) கிடைக்குமா என்பதே தவிர, எத்தனை காலடிக்கு எத்தனை புள்ளி என்பது அல்ல.

இனி நான் செய்த தவறு. ஐந்து மாதங்கள் நாள் தவறாமல் நடந்தேன். கைபேசியின் திரையிலும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. ஆனால் பேட்டரியைச் சேமிக்கும் ஏற்பாட்டை இயக்கி வைத்திருந்ததால், காப்பீட்டுச் செயலி பின்னணியில் உறங்கிப்போய், காலடிக் கணக்கு நிறுவனத்தின் கணினிக்குப் போய்ச் சேரவே இல்லை. ஒவ்வொரு காலடியையும் எண்ணுவது ஒரு செயலி, அதைத் தொகுத்து வைப்பது ஹெல்த் கனெக்ட் போன்ற இன்னொன்று, அங்கிருந்து எடுத்துக்கொள்வது காப்பீட்டு நிறுவனத்தின் மூன்றாவது செயலி என்பதும், இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் நடந்தது நடக்காததாகிவிடும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. வாடிக்கையாளர் சேவைக்குப் பேசியபோது, குறிப்பிட்ட நாட்களுக்குள் வந்து சேராத கணக்கைப் பின்னர் ஏற்க இயலாது என்று விதியைப் படித்துக் காட்டினார்கள். விதி உண்மையில் அப்படித்தான் இருந்தது. படிக்காதது என் பிழை. இப்போதெல்லாம் இரவு படுக்கப் போகுமுன் காப்பீட்டுச் செயலியையே திறந்து, அன்றைய எண் அங்கே வந்துவிட்டதா என்று பார்த்துவிடுகிறேன். கைபேசியையோ கடிகாரத்தையோ மாற்றும் நாளில் இந்தக் கவனம் இரு மடங்கு வேண்டும், ஏனெனில் பழைய இணைப்பு தானாகப் புதிய கருவிக்கு வந்துவிடாது.

கருவி எதை நடையாகக் கொள்கிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். கைபேசிக்குள் இருக்கும் உணரி நம் உடலின் அசைவைத்தான் எண்ணுகிறது. கைபேசி உடலோடு இல்லாவிட்டால் அதைப் பொறுத்தவரை நாம் உட்கார்ந்திருக்கிறோம். நெல்லையப்பர் கோயிலில் கைபேசியை வெளியே ஒப்படைத்துவிட்டு அந்த நீண்ட பிரகாரங்களைச் சுற்றிவந்தால் இறைவன் கணக்கில் வரும். காப்பீட்டுக் கணக்கில் வராது. வரப்பில் கைபேசியை வைத்துவிட்டு நாற்று நடும் அம்பாசமுத்திரத்து உழவருக்கும், குறுக்குத்துறைப் படித்துறையில் இறங்கித் தாமிரபரணியில் நீந்துகிறவருக்கும் இதே நிலைதான். மிதிவண்டி ஓட்டுவது காலடியாகப் பதிவாகாது என்றாலும், எரிக்கப்பட்ட கலோரியையோ உடற்பயிற்சிக் கூடத்தில் செலவிட்ட நேரத்தையோ காலடிக்கு மாற்றாக ஏற்கும் திட்டங்கள் உள்ளன. அந்த மாற்று வழி நம் பாலிசியில் இருக்கிறதா என்று முதல் மாதத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது. கையால் தட்டச்சு செய்து சேர்க்கும் காலடிகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை.

பலர் கணக்கையே தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தகுதியான நாட்களை எண்ணுகிற திட்டத்தில் ஒவ்வொரு நாளும் தனிக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை பாபநாசத்துக்குப் போய் 20,000 காலடி நடந்தாலும், அது திங்கட்கிழமையின் வெறுமையை நிரப்பாது. நள்ளிரவோடு அன்றைய ஏடு மூடப்படும். நாளுக்கு 10,000 காலடி இலக்கு என்றால், 9,400 காலடியோடு உறங்கப் போனவருக்கு அன்று ஒன்றுமே இல்லை; அதனால்தான் இரவு பதினொன்றரை மணிக்கு மொட்டை மாடியில் ஆட்கள் அங்குமிங்கும் உலவுகிறார்கள், எதிர்வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற கவலையே இல்லாமல்! சராசரியைப் பார்க்கும் திட்டங்களும் உண்டு. அவற்றில் இந்த அவதி குறைவு.

நாட்களை எண்ணும் திட்டமாயின் ஆண்டின் போக்கை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். ஆண்டுக்கு 270 நாட்கள் வேண்டுமென்றால் 95 நாட்கள் மிச்சமிருப்பது போலத் தோன்றும். ஆனால் அக்கினி நட்சத்திர வெயில், காய்ச்சல், வீட்டுத் திருமணம், ஐப்பசி கார்த்திகை அடைமழை என்று ஒவ்வொன்றும் சில நாட்களைத் தின்றுவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது நடைக்கணக்கைப் பற்றி நினைக்க யாருக்கும் மனமில்லை. மின்சாரமும் இல்லை, கைபேசிக்கு உயிரும் இல்லை. பாலிசி ஆண்டு எந்த மாதத்தில் தொடங்குகிறது என்று பார்த்து, காற்று இதமாக இருக்கும் சாரல் காலத்திலும் தை, மாசியிலும் நாட்களைச் சேர்த்து வைத்துக்கொள்பவரே கடைசி மாதத்தில் மூச்சு வாங்காமல் இருப்பார்.

சில திட்டங்களில் நடை மட்டும் போதாது. ஆண்டுக்கொரு முறை இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதித்து, அந்த முடிவின் அடிப்படையிலேயே நடைக்கான பலனைக் கணக்கிடுகிறார்கள். பரிசோதனையை நிறுவனம் அங்கீகரித்த கூடத்தில்தான் செய்ய வேண்டும் என்ற விதி இருந்தால், களக்காட்டிலோ ராதாபுரத்திலோ இருப்பவருக்கு அது திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ ஒரு நாள் பயணமாகிவிடலாம். பதினோராவது மாதம்வரை இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

குடும்பத்துக்கு ஒரே பாலிசி எடுத்தவர்கள், வீட்டில் ஒருவர் நடந்தால் எல்லோருக்கும் சேர்ந்துவிடும் என்று நம்புகிறார்கள். பொதுவாக ஒவ்வொரு பெரியவரும் தத்தம் பெயரில் பதிவு செய்து, தத்தம் கருவியில் நடந்தாக வேண்டும். கணவர் 10,000 காலடி நடக்க, மனைவி நாளெல்லாம் அடுக்களைக்கும் முற்றத்துக்குமாக அலைந்தும் கைபேசி அலமாரியிலேயே கிடப்பதால் அவர் பங்கு சுழியமாக நிற்கும் வீடுகள் பல. முக்கூடல் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களை எண்ணிப் பார்த்தால், இந்தத் திட்டங்கள் யாரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டன என்ற கேள்வி எனக்கு எழாமல் இல்லை.

கைபேசியை ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவியில் மாட்டிவிடுவதும், பேரனின் சட்டைப் பையில் போட்டு விளையாட அனுப்புவதும் கெட்டிக்காரத்தனம் அல்ல. காப்பீடு என்பது இரு தரப்பும் உண்மை பேசுவதன்மேல் நிற்கும் ஒப்பந்தம். மோசடி என்று கண்டறியப்பட்டால் புள்ளிகளோடு பாலிசியும் ஆபத்துக்குள்ளாகும். இதைவிடப் பெரிய ஆபத்து, பாலிசி விண்ணப்பத்தில் சர்க்கரை நோயை மறைத்துவிட்டு, செயலி கேட்கும் உடல்நலக் கேள்விகளுக்கு மட்டும் உண்மையாகப் பல ஆண்டாக மாத்திரை சாப்பிடுவதாகப் பதில் எழுதுவது. தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசியை நடத்தி முடிக்கும்வரை, உண்மையை மறைத்த காரணத்தைக் காட்டி கிளெய்மை நிறுவனம் மறுக்க இடமுண்டு. மோசடி நிறுவப்பட்டால் அதற்குப் பிறகும் இடமுண்டு. மறைக்காமல் சொன்னால், ஏற்கெனவே உள்ள நோய்க்குச் செலவுத்தொகை கிடைக்காத அதிகபட்சம் 36 மாதக் காத்திருப்புக் காலத்தோடு பொதுவாகக் காரியம் முடிந்துவிடும்.

உடம்புக்காகத் தொடங்கிய நடை உடம்பைக் கெடுக்கவும் கூடாது. 10,000 என்ற எண் மருத்துவர்கள் கூடி வகுத்ததன்று. டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைத்தான். இன்சுலின் போட்டுக்கொள்பவர் வெறும் வயிற்றில் இரண்டு மணி நேரம் நடப்பதும், பாத உணர்வு குறைந்த சர்க்கரை நோயாளி சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் ரத வீதியைச் சுற்றுவதும், நெஞ்சு இறுக்கத்தைப் பொருட்படுத்தாமல் மிச்சமுள்ள 800 காலடியை முடித்துவிடத் துடிப்பதும் எந்தத் தள்ளுபடிக்கும் ஈடாகா. அப்படிப்பட்டவர்கள் தம் மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்லும் அளவோடு நிறுத்திக்கொண்டு, புள்ளியை விட்டுவிடலாம்.

சேர்த்த புள்ளிகளை எடுப்பதிலும் கோட்டை விடுகிறோம். கிளெய்ம் இல்லாத ஆண்டுக்குக் காப்பீட்டுத் தொகை கூடுவது வேறு, நடைக்கான பலன் வேறு. வேறு நிறுவனத்துக்கு மாறும்போது காத்திருப்புக் காலத்தில் கடந்த பகுதி நம்மோடு வரும், நடைப்புள்ளிகளோ பொதுவாக அங்கேயே தங்கிவிடும். எனவே மாறுவதற்கு முன்பே செலவழித்துவிடுங்கள். புதுப்பிக்கும் அறிவிப்பு வந்ததும் தள்ளுபடி கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லாததால், அதற்கு முந்தைய ரசீதோடு ஒப்பிட்டு, குறைந்த தொகை முழுவதும் நடையின் பயன் என்று மயங்கிவிடவும் கூடாது.

கணக்கு தவறாக இருந்தால், மாதக் கடைசியில் செயலியின் திரையைப் படம் எடுத்து வைத்திருப்பவரின் பேச்சு எடுபடும். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா என்ற இணையப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை (ஆம்புட்ஸ்மன்) அணுகலாம். கட்ட வேண்டிய பிரீமியம் பற்றிய தகராறும் அவருடைய வரம்புக்குள் வருகிறது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை.