மின் சிகரெட் கேட்ட தம்பிக்கு: நிகோட்டின் சூயிங்கம் மெல்லும் முறை

பெருங்குடியில் இரவுப் பணி பார்க்கும் தம்பி ஒருவர், "அண்ணா, சிகரெட்டை விட்டுவிட்டு மின் சிகரெட்டுக்கு மாறப் போகிறேன். முதன்முதலாக எதை வாங்குவது?" என்று கேட்டார். எதையும் வாங்காதீர்கள் என்றேன். தமிழ்நாட்டில் 2018-லேயே அதற்குத் தடை வந்துவிட்டது. 2019-இல் நாடு முழுவதற்கும் சட்டமே போட்டார்கள். விற்றாலோ இறக்குமதி செய்தாலோ, முதல் முறையே ஓராண்டுச் சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம் வரை போகும். பிரிட்டனில் புகைப்பதை நிறுத்த உதவும் கருவியாக அதை அரசு மருத்துவத் துறையே ஏற்றிருக்கிறது என்பது உண்மை. ஆனால் இங்கே திருட்டுத்தனமாக வரும் கருவிக்குள் என்ன திரவம் இருக்கிறது என்று யாரைப் போய்க் கேட்பது?

நாம் ஏங்குவது புகையிலையில் உள்ள நிகோட்டினுக்கு. உடம்பைக் கெடுப்பதோ பெரும்பாலும் புகையோடு வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும். புகையில்லாமல் நிகோட்டினை மட்டும் தரும் சூயிங்கம் தெருமுனை மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கிறது. அதற்கு மாறும் வழியைச் சொல்கிறேன்.

1. மூன்று நாள் கணக்கு

எதையும் குறைக்க வேண்டாம். எப்போது, எங்கே பிடித்தீர்கள் என்று மட்டும் குறித்து வையுங்கள். முக்கியமாக, எழுந்ததும் முதல் சிகரெட் எவ்வளவு நேரத்தில்? அரை மணி நேரத்துக்குள் என்றால் 4 மி.கி. சூயிங்கம், அதற்குப் பிறகு என்றால் 2 மி.கி. 2 மி.கி. சீட்டு இல்லாமலே கிடைக்கும், 4 மி.கி.-க்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் எதுவானாலும் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

2. மெல்லும் விதம்

நான் முதல் முறை தோற்றது இங்கேதான். சாதாரண சூயிங்கம் போல வேகமாக மென்று எச்சிலை விழுங்கினேன். விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல். சூயிங்கம் அட்டையை மேசை இழுப்பறைக்குள் எறிந்துவிட்டு நேரே பெட்டிக்கடைக்குப் போனேன். ஓராண்டு கழித்து ஒரு மருந்துக்கடை அக்காதான் விளக்கினார்: இது மெல்லும் பண்டமே அல்ல, ஒதுக்கி வைக்கும் பண்டம். நிகோட்டின் வயிற்றுக்குப் போவதில் பயனில்லை, கன்னத்தின் உட்புறத் தோல் வழியாக ஏற வேண்டும்.

மெதுவாக மெல்லுங்கள். மிளகு கடித்தது போல ஒரு காரம், சுருசுருவென்று தெரியும். உடனே நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்குங்கள். காரம் அடங்கியதும் மறுபடி இரண்டு மூன்று மெல்லு, இம்முறை வேறு பக்கம் ஒதுக்கு. இப்படி அரை மணி நேரம். சிகரெட் சில நொடிகளில் தலைக்கு ஏறும். இது நிதானமாகத்தான் ஏறும். ஆகவே ஏக்கம் உச்சத்துக்கு வரும்வரை காத்திருக்காமல், வரப்போகிறது என்று தெரிந்ததுமே வாயில் போடுங்கள்.

3. காபி

சென்னைக்காரருக்கு இதுதான் கடினமான பகுதி. காபி, பழச்சாறு, சோடா எல்லாம் வாயில் அமிலத்தன்மையைக் கூட்டி நிகோட்டின் ஏறுவதைத் தடுத்துவிடும். மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம், மெல்லும்போதும் அப்படியே. டீயும் சிகரெட்டுமாகப் பழகியவர்கள் சில வாரம் டீயை வீட்டிலேயே குடிப்பது நல்லது. கயிற்றில் நெருப்பு தொங்கும் கடை வாசலில் நின்றுகொண்டு மன உறுதியைச் சோதித்துப் பார்ப்பது வீண் வீரம்.

4. குறைக்கும் கணக்கு

முதல் ஆறு வாரம், ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. அடுத்த மூன்று வாரம், இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. கடைசி மூன்று வாரம், நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. எந்த நாளிலும் 24-ஐத் தாண்டக் கூடாது. பலர் இரண்டே வாரத்தில் "இனி வேண்டாம்" என்று நிறுத்திவிட்டு மாதக் கடைசியில் மீண்டும் பற்ற வைக்கிறார்கள். பன்னிரண்டு வாரம் நீளமாகத் தோன்றும், முழுமையாகச் செய்யுங்கள்.

5. இடறினால்

ஒரு சிகரெட் பிடித்துவிட்டால் அன்றே சூயிங்கத்துக்குத் திரும்புங்கள், முதல் நாளிலிருந்து எண்ணத் தேவையில்லை. தனியாக முடியாவிட்டால் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கும். தேடி அலைய வேண்டாம். குப்பையில் போடப்போகும் கடைசிப் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கிறது.