காட்டு வேலைக்குச் சிறிய டிராக்டர்: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரங்கள் அடர்ந்த சொந்த நிலத்தைப் பராமரிக்கச் சிறிய டிராக்டர் வாங்குகிறவர்கள் வாங்கிய பிறகுதான் யோசனை கேட்க வருகிறார்கள். இந்த வேலைக்கு நாங்கள் புதிதாக வந்த காலத்தில் சறுக்கிய அதே இடங்களில் இவர்களும் சறுக்குவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. எண்ணெய் மாற்ற மறப்பது, டயரில் காற்றுப் பார்க்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை கையேட்டிலேயே இருக்கின்றன. வண்டி வந்து இறங்கிய பிறகு எளிதில் திருத்த முடியாதவற்றைத்தான் எழுதுகிறேன்.

குதிரைத்திறனைப் பார்த்து வாங்குவது

பணத்தை அதிகம் விழுங்கும் தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் இது ஓயவில்லை என்பதில் எனக்கு இன்றும் எரிச்சல் உண்டு.

காட்டில் டிராக்டருக்கு இருக்கும் வேலைகளை எண்ணிப் பாருங்கள். மரத்தடியைத் தூக்க வேண்டும், இழுக்க வேண்டும், சரிவில் கவிழாமல் நிற்க வேண்டும். இந்த மூன்றையும் முதலில் தீர்மானிப்பது வண்டியின் எடையும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் உறுதியும்தான். எஞ்சினின் திறன் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆனால் விற்பனைத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது குதிரைத்திறன். எடை கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. தயாரிப்பாளர்கள் ஒரே சட்டம், ஒரே அச்சு, முன்னால் சுமை தூக்கும் ஒரே லோடர் இவற்றை வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் மாற்றி 25, 30, 35 குதிரைத்திறன் என்று வரிசையாக விற்பது வழக்கம். அந்த வரிசையில் மேலே போகப் போக விலை ஏறும். தூக்கும் திறன் ஏறாது. இழுக்கும் திறனும் பெரிதாக ஏறாது. அதே பணத்துக்குக் குறைந்த குதிரைத்திறனில் ஒரு படி பெரிய சட்டமுள்ள வண்டி கிடைக்குமானால், காட்டு வேலைக்கு அதுதான் சரி.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் அப்படியொரு வரிசையின் உச்சியில் இருந்த வண்டியை வாங்கியிருந்தார். லோடர் சரியாக வேலை செய்யவில்லை என்று என்னை அழைத்தார். பக்கெட்டைக் கழற்றிவிட்டு, நீட்டிய இரும்புப் பற்கள் உள்ள ஃபோர்க் மாட்டியிருந்தார். எதிரே கிடந்தது, ஏறக்குறைய 50 செ.மீ. விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள, வெட்டி ஈரம் காயாத கடினமரத் தடி. நெம்புகோலை இழுத்தார். ஃபோர்க்கின் நுனி தடியின் அடியில் புகுந்து நின்றது, தடி அசையவில்லை. முன்டயர்கள் இரண்டும் பக்கவாட்டில் பிதுங்கின. பின்னால் போய்ப் பார்த்தேன். பின்டயர் தரையை விட்டு ஒரு கையளவு உயர்ந்திருந்தது; பள்ளங்களில் அப்பியிருந்த ஈரமண் கட்டி கட்டியாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது.

"தாளில் 600 கிலோ தூக்கும் என்று போட்டிருக்கிறதே, அண்ணா" என்றார்.

போட்டிருந்தது உண்மைதான். ஆனால் அந்த 600 கிலோ எந்தப் புள்ளியில் என்று அவர் பார்க்கவில்லை. லோடரின் தூக்கும் திறனைப் பெரும்பாலும் பக்கெட் மாட்டும் ஊசியில் அளக்கிறார்கள். உண்மையான சுமை அந்த ஊசிக்கு அரை மீட்டர் முன்னால், ஃபோர்க்கில் தடி என்றால் இன்னும் முன்னால் இருக்கிறது. வாளியைக் கையை மடக்கித் தூக்குவதற்கும் நீட்டிப் பிடித்துத் தூக்குவதற்கும் உள்ள வேறுபாடு இது. நல்ல தயாரிப்பாளர்கள் ஊசிக்கு 500 மி.மீ. முன்னால் எவ்வளவு என்ற எண்ணையும் தருகிறார்கள். அதை மட்டும் படியுங்கள். அதிலிருந்து ஃபோர்க்கின் எடையைக் கழியுங்கள். சிறிய ஃபோர்க்கே சட்டத்தோடு சேர்ந்து 100 கிலோவைத் தொடும். அவருடைய வண்டியில் கணக்குப் போட்டபோது மரத்துக்கென்று மிஞ்சியது 350 கிலோகூட இல்லை.

தடியின் எடைக்கு வருவோம். ஈரம் காயாத கடினமரம் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன். 50 செ.மீ. விட்டம், 3 மீட்டர் நீளம் என்றால் கன அளவு 0.59. ஆக, கிட்டத்தட்ட 600 கிலோ. நீளத்தை ஒன்றரை மீட்டராக்கினாலே பாதியாகிவிடும். ஆனால் அந்தக் கணக்கை வாங்கும் முன் யாரும் போடுவதில்லை. உங்கள் நிலத்தில் சாயப்போகும் மரங்களின் சுற்றளவை நாடாவால் அளந்து, எந்த நீளத்தில் வெட்டப்போகிறீர்கள் என்று முடிவுசெய்து, அந்த எண்ணோடு கடைக்குப் போங்கள்.

பின்சக்கரம் தூக்கியதைப் பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் உயிர் ஆபத்து இருக்கிறது. டிராக்டரின் முன்அச்சு நடுவில் ஒற்றை ஊசியில் ஊசலாடும்படி அமைந்தது. வண்டி பக்கவாட்டில் சாயாமல் பிடித்துக்கொண்டிருப்பவை பின்சக்கரங்கள். அவை தரையை விட்டதும் அந்தப் பிடிமானம் போய்விடும். சிறிய குழியில் முன்சக்கரம் இறங்கினாலும் வண்டி ஒருபக்கமாகச் சரியும். போதாததற்கு, பெரும்பாலான சிறிய டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான். முன்னால் பாரத்தோடு இறக்கத்தில் போகும்போது பின்பக்கம் இலகுவாகிவிட்டால் பிரேக் பிடித்தும் பயனில்லை. அந்த நேரத்தில் நான்கு சக்கர இயக்கம் கட்டாயம் பூட்டியிருக்க வேண்டும், சுமை தரையை ஒட்டியே இருக்க வேண்டும்.

எதிரெடை வைத்தால் சரியாகாதா என்று கேட்பார்கள். ஓரளவுக்குச் சரியாகும், லோடர் மாட்டிய வண்டிக்கு எதிரெடை கட்டாயம் வேண்டும். ஆனால் எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். பின்டயரில் முக்கால் பங்கு திரவம் நிரப்பினால் தரைப்பிடிப்பு கூடும், வண்டியின் ஈர்ப்பு மையமும் தாழும். ஆனால் அந்த எடை பின்அச்சின் மேலேயே இருப்பதால் முன்அச்சின் சுமையைக் குறைக்காது. வண்டியின் பின்புறம் மேலே ஒன்றும் கீழே இரண்டுமான கைகளில் கருவியை மாட்டும் மும்முனை இணைப்பில், அச்சுக்குப் பின்னால் தொங்கும் கான்கிரீட் கட்டையோ கனமான கருவியோதான் முன்அச்சை இலகுவாக்கும். இரண்டும் செய்யுங்கள். தண்ணீர் உறையும் குளிர் உள்ள இடமென்றால் வெறும் தண்ணீர் நிரப்பக் கூடாது. கால்சியம் குளோரைடு கரைசல் உறையாது, ஆனால் ரிம்மை அரித்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்த இளைஞரும் எதிரெடை வைத்தார். தூக்குவது கொஞ்சம் சீரானது. இழுப்பது சீராகவில்லை. இறுகிய மண்ணில் ஒரு டிராக்டர் தன் எடையில் ஏறக்குறைய பாதி அளவுக்குத்தான் இழுவிசை தரும். ஈரமண்ணில் அதுவும் கிடையாது. எஞ்சினில் திறன் மிச்சம் இருந்தது, சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று குழி தோண்டின. கடைசியில் வண்டியை நட்டத்துக்கு விற்றுவிட்டு, அதைவிடக் குறைந்த குதிரைத்திறனில் கனமான வண்டி ஒன்றை வாங்கினார். முதலிலேயே கேட்டிருந்தால் அந்த நட்டத்தில், கம்பிவடத்தைச் சுற்றித் தடியை இழுக்கும் ஒரு நல்ல வின்ச் வாங்கியிருக்கலாம்.

குதிரைத்திறன் தேவைப்படும் இடமும் உண்டு. எஞ்சின் திறனைக் கருவிகளுக்குத் தரும் சுழல் தண்டான பி.டி.ஓ.வில் ஓடும் புதர்வெட்டி, மரக்கிளைகளைச் சீவும் சிப்பர் ஆகியவை அதைத்தான் தின்னும். புதர்வெட்டிக்கு அகலத்தில் ஓர் அடிக்கு 5 குதிரைத்திறன் என்பது பொதுவான கணக்கு. ஐந்தடி வெட்டிக்கு 25. ஆனால் அந்த 25 பி.டி.ஓ. முனையில் கிடைக்க வேண்டும். எஞ்சின் எண் அதைவிட அதிகமாகவே இருக்கும். கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும் ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியில் இழப்பு கியர் வண்டியைவிடக் கூடுதல். தாளில் இரண்டு எண்களும் இருக்கும், சிறியதைப் படியுங்கள்.

உயரமான இடத்தில் சங்கிலி கட்டி இழுப்பது

மும்முனை இணைப்பு ஹாரி ஃபெர்குசனின் கண்டுபிடிப்பு. 1939-இல் வந்த ஃபோர்டு 9என் டிராக்டரால் பரவலானது. கலப்பை பாறையில் மாட்டினால் அந்த விசை மேல்இணைப்பு வழியாக முன்பக்கத்தைக் கீழே அழுத்தும் என்பதுதான் அதன் சிறப்பு. இதைக் கேள்விப்பட்டவர்கள், இணைப்பில் எங்கே கட்டினாலும் பாதுகாப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். மேல்இணைப்பின் கொக்கியிலோ, உயர்த்திய கீழ்க்கைகளின் குறுக்குக் கம்பியிலோ சங்கிலியைக் கட்டி மரத்தடியை இழுத்தால் அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது. தடி ஓர் அடிக்கட்டையில் மாட்டியதும் சக்கரம் நின்றுவிடும். எஞ்சின் வண்டியின் உடலையே அச்சைச் சுற்றிச் சுழற்றி முன்பக்கத்தை மேலே தூக்கும். மீளமுடியாத நிலைக்குப் போக ஒரு வினாடிகூட ஆகாது. கிளட்சை மிதிக்க வேண்டும் என்று மூளை சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

பின்அச்சின் மையத்துக்குக் கீழே, இழுப்பதற்கென்றே இருக்கும் கம்பியான டிராபாரில் மட்டும் கட்டுங்கள். அடிக்கடி தடி இழுக்கும் வேலை இருக்குமானால், வண்டியோடு சேர்த்து மரத்தடி வின்ச்சுக்கும் பணம் ஒதுக்குங்கள். அதன் தகடு தரையில் ஊன்றிக்கொள்ளும்; வண்டி நல்ல தரையில் நிற்க, தடிதான் வண்டியை நோக்கி வரும். செங்குத்தான சரிவுக்குள் வண்டியை இறக்கவே வேண்டியதில்லை.

பாதுகாப்புச் சட்டம் இல்லாத பழைய வண்டி

வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநர் நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டத்தைச் சொல்கிறேன். அது இல்லாததை வாங்காதீர்கள். சுவீடன் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கிவிட்டது.

பாதுகாப்புச் சட்டத்தை மடக்கியே வைத்திருப்பது

கிளை இடிக்கிறது என்று மடக்குவார்கள், பிறகு நிமிர்த்த மாட்டார்கள். கிளையை வெட்டுங்கள். சட்டம் நிமிர்ந்திருக்கும்போது இடுப்புப் பட்டையும் போட்டிருக்க வேண்டும்; ஒன்றில்லாமல் மற்றது பாதிதான். மடக்கியே ஆக வேண்டிய ஓரிரு இடங்களில் பட்டையைக் கழற்றிவிடுங்கள், ஏனென்றால் கவிழும் வண்டியோடு கட்டுண்டு கிடப்பது அதைவிட மோசம். மேலிருந்து கிளை விழக்கூடிய காட்டில் இரண்டு தூண் சட்டம் தலையைக் காக்காது; கூரைக்கவசம் பொருத்த இடமிருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

வண்டியின் அடியில் குனிந்து பார்க்காமல் இருப்பது

புல்வெளி வேலையை மனதில் வைத்து வடிவமைத்த வண்டியில் எண்ணெய் வடிகட்டியும் ஹைட்ராலிக் குழாய்களும் அடியில் திறந்தபடி தொங்கும். காட்டில் ஒரு குச்சி நிமிர்ந்தால் போதும், எண்ணெய் முழுவதும் மண்ணில்தான். படுத்துப் பாருங்கள். எது தொங்குகிறது, அதற்கு இரும்புத் தகடு போட முடியுமா, டயரின் வால்வு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, ரேடியேட்டர் வலையைக் கருவி இல்லாமல் கழற்ற முடிகிறதா? இலைத்தூளும் விதைப்பஞ்சும் அந்த வலையை அரை நாளில் அடைத்துவிடும். கழற்றுவது கடினம் என்றால் கழற்ற மாட்டீர்கள், எஞ்சின் கொதிக்கும்.

டயர்

சேற்றுக்கு விவசாய டயரான ஆர்1. குத்தும் அடிக்கட்டைகளுக்குத் தடித்த பக்கச்சுவருள்ள ஆர்4. புல்வெளி டயர் வேண்டாம்.

புகைவடிகட்டியைப் பற்றிக் கேட்காமல் வாங்குவது

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 19 கிலோவாட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 25 குதிரைத்திறனுக்கு மேல் புகைவிதிகள் கடுமையாகின்றன. அந்த எல்லையைத் தாண்டிய வண்டிகள் பலவற்றில் கரித்துகள் வடிகட்டி இருக்கும். அது அவ்வப்போது தன்னைத்தானே சூடாக்கி, சேர்ந்த கரியை எரிக்கும். மெதுவான வேகத்தில் கொஞ்சம் ஓட்டி நிறுத்தி, மறுபடி ஓட்டும் வேலைக்கு அது ஒத்துவராது, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். எரிக்கும் நேரத்தில் புகைக்குழாய் மிகவும் சூடாக இருக்கும். காய்ந்த சருகின் மேல் வண்டியை நிறுத்தி அந்தச் சுற்றை ஓடவிடக் கூடாது. எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கும் வண்டிகள் சந்தையில் இத்தனை இருப்பதற்குக் காரணம் இதுதான். எடை போதுமானால் அவற்றையே முதலில் பாருங்கள்.

அகலம்

பாதையின் மிகக் குறுகிய இடத்தை அளந்து வாருங்கள். வண்டியோடு பக்கெட்டின் அகலத்தையும் பாருங்கள். முதலில் மரத்தில் மோதுவது அதுதான்.

கருவிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

மரத்தடியைக் கவ்விப் பிடிக்கும் கிராப்பிள், காட்டு வேலையில் பக்கெட்டைவிட அதிகம் உழைக்கும். அதற்கு லோடரில் மூன்றாவது ஹைட்ராலிக் இணைப்பு வேண்டும். தொழிற்சாலையிலேயே பொருத்தி வாங்குவது எளிது. பிறகு பொருத்துவது செலவும் அலைச்சலும். லோடரின் முன்னால் இருக்கும் இணைப்பு, பல நிறுவனங்களின் கருவிகளும் பொருந்தும் பொதுவான ஸ்கிட்ஸ்டியர் வகையா, அந்த நிறுவனத்துக்கே உரியதா என்றும் பாருங்கள். தனி வகை என்றால் ஒவ்வொரு கருவிக்கும் அவர்களிடமே போக வேண்டியிருக்கும். பின்னால் முதல் வகை (கேட்டகரி 1) மும்முனை இணைப்பு, கீழ்க்கை ஊசி 22 மி.மீ., இருக்கட்டும். அதைவிடச் சிறிய பூஜ்ய வகைக்கு வின்ச், புதர்வெட்டி போன்றவற்றில் தேர்வு மிகவும் குறைவு.

விலை பேசும்போது வண்டி, எதிரெடை, ஃபோர்க், கிராப்பிள், வின்ச் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டுங்கள். தொகை கையை மீறினால் எஞ்சின் திறனில் ஒரு படி இறங்குங்கள். சட்டத்தின் அளவில் இறங்காதீர்கள்.