எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு மனசுப் பசியைச் சமாளிப்பது எப்படி

எடை குறைப்பு ஆபரேஷன்களில் ஒன்றான ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சும் குழாயில் 100 முதல் 150 மில்லி வரைதான் பிடிக்கும், ஒரு டம்ளர் காபி அளவு. இன்னொரு வகையான இரைப்பை பைபாஸில் (இதய பைபாஸ் அல்ல), இரைப்பையின் மேல்பகுதியில் சின்னப் பை ஒன்றை உருவாக்கிச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். அந்தப் பை இன்னும் சின்னது. ஆரம்பத்தில் சுமார் 30 மில்லி. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனில் பெரும்பங்கு இரைப்பையின் மேல்பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவில் அந்தப் பகுதியே போய்விடுவதால் முதல் சில மாதங்கள் பலருக்குப் பசி என்ற ஒன்றே தெரிவதில்லை.

நாலு மணி ஆனால் டீயோடு பஜ்ஜி தேடும் பழக்கத்தையும், வீட்டில் வாக்குவாதம் நடந்த ராத்திரியில் ஃப்ரிட்ஜைத் திறக்கும் கையையும் எந்தக் கத்தியும் தொடுவதில்லை. பசி அடங்கியிருக்கும் மாதங்களில் அவை கண்ணில் படாமல் இருக்கும். பெரும்பாலோருக்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் பசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது, சாப்பிடும் அளவும் கூடுகிறது. பழைய பழக்கமும் அப்போதுதான் முழு பலத்தோடு வந்து நிற்கும். எனவே மனசுப் பசியைச் சமாளிக்கும் வேலையை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள். வயிறு சும்மா இருக்கும்போது வரும் ஆசை அனேகமாக மனசிலிருந்துதான் வருகிறது என்பதால், அதை அடையாளம் காண இதைவிடத் தெளிவான காலம் பிறகு கிடைக்காது.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இரண்டு வாரம் எழுதுங்கள். சாப்பிடத் தோன்றிய நேரம், எதைச் சாப்பிடத் தோன்றியது, அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் என்ன நடந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வயிற்றுப் பசி எவ்வளவு: இந்த ஐந்தும் வேண்டும். கலோரி எழுத வேண்டாம், எடையும் வேண்டாம். எண் வந்ததும் மனம் மதிப்பெண் போடத் தொடங்கிவிடும், உண்மையை எழுதாது. சாப்பிட்ட நேரங்களை மட்டும் எழுதுவதும் தவறு. தோன்றி அடக்கிக்கொண்ட நேரங்களில்தான் அதிகத் தகவல் இருக்கிறது. தோன்றிய உடனே எழுதுங்கள். படுக்கப் போகும்போது மொத்தமாக எழுதினால் பாதி மறந்திருக்கும், மீதிக்கு நியாயம் கற்பித்திருப்போம்.

இரண்டு வாரம் கழித்து ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு தின்பண்டமும் ஏதோ ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தது தெரியும். ஆபீஸ் டீக்கடை வடை, நாற்காலியிலிருந்து எழுந்து நாலு பேரோடு பேசக் கிடைத்த பத்து நிமிடம். ராத்திரி பதினோரு மணி மிக்சர், குழந்தைகள் தூங்கிய பிறகு தனக்கென்று கிடைத்த ஒரே நேரம். கடித்து நொறுக்கும் முறுக்கு, வாயைத் திறந்து சொல்ல முடியாத கோபம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, வீட்டார் எல்லோரும் ஒன்றாக உட்காரும் ஒரே வேளை.

ஆபரேஷன் அந்தத் தின்பண்டத்தை எடுத்துவிட்டது, அது பார்த்த வேலை காலியாகக் கிடக்கிறது. அந்த வேலையை யாரிடம் கொடுப்பது என்பதுதான் இனி கேள்வி. "சாப்பிடத் தோன்றினால் நடக்கப் போங்கள்" என்று பொதுவாகச் சொல்வார்கள். கோபத்துக்கு வேக நடை நன்றாகவே உதவும். தனிமைக்கு உதவாது, தனியாக நடப்பவருக்குத் தனிமை கூடத்தான் செய்யும். அவர் அந்த நேரத்தில் அக்காவுக்கோ தோழிக்கோ போன் போட வேண்டும். டீக்கடை ஓய்வை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். அதே நேரம், அதே ஆட்கள், கையில் சர்க்கரை இல்லாத ஒரு சின்ன டம்ளர் டீ. உங்கள் டாக்டர் டீக்கு அனுமதித்த பிறகு. தனக்கான நேரம் வேண்டுமென்றால் அது ராத்திரி பதினோரு மணிக்குத்தான் கிடைக்கவேண்டுமா என்று வீட்டாரோடு பேசி, மாலையில் அரை மணி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். அசதிக்கு மாற்று தூக்கம் மட்டுமே.

வயிற்றுப் பசியா, மனசுப் பசியா

ஆசை வந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்போது அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ கொடுத்தால் சாப்பிடுவேனா?" ஆமாம் என்றால் அது வயிற்றுப் பசி, உட்கார்ந்து சாப்பிடுங்கள், குற்ற உணர்வு தேவையில்லை. முட்டை வேண்டாம், மிக்சர்தான் வேண்டும் என்றால் மனசுப் பசி.

மனசுப் பசி என்று முடிவு கட்டும் முன், அதைப்போல வேடம் போடும் வேறு சிலவற்றையும் பார்த்துவிடுங்கள். முதலாவது புரதக் குறைவு. ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஒரு நாளைக்குப் பொதுவாக 60 முதல் 80 கிராம் புரதம் சொல்வார்கள். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20, 50 கிராம் பனீரில் சுமார் 9. ஒரு இட்லியில் 2 கிராம் அளவுக்குத்தான். காலையில் இரண்டு இட்லியோடு எழுந்தவருக்குப் பதினோரு மணிக்கு எதையாவது கொறிக்கத் தோன்றினால், அவர் மனசைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது தாகம். ஒரே மூச்சில் குடிக்க முடியாததால் தண்ணீர் குறைந்துவிடும். ஒன்றரை முதல் இரண்டு லிட்டரை நாள் முழுக்க மடக்கு மடக்காகப் பிரித்துக் குடிக்க வேண்டும். மூன்றாவது எதுக்களிப்பு. ஸ்லீவ் செய்தவர்களுக்கு அமிலம் மேலே வரும் தொந்தரவு கணிசமாக உண்டு. அந்த எரிச்சலைப் பசி என்று நினைத்து எதையாவது போட்டு அணைப்பார்கள். அதற்கு மருந்து இருக்கிறது, டாக்டரிடம் சொல்லுங்கள்.

நான்காவதை அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு, இனிப்போ மாவுப் பண்டமோ சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, அடங்காத பசி வரலாம். இன்சுலின் அளவுக்கு மேல் சுரந்து ரத்தச் சர்க்கரை இறங்கிவிடுவதால் வருவது இது. மனசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "எனக்குக் கட்டுப்பாடே இல்லை" என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி இனிப்பை எடுத்தால், சர்க்கரை ஏறி மறுபடி இறங்கும். அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். மயக்கம் வருகிறது என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்.

அந்த இருபது நிமிடம்

இவை எதுவும் இல்லை, மனசுப் பசிதான் என்று தெரிந்த பிறகு செய்யவேண்டியது இது. ஆசை அலைபோல ஏறி, உச்சிக்குப் போய், இறங்கும். வழக்கமாக இருபது முப்பது நிமிடத்துக்குள். முதலில் சமையலறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். போனில் இருபது நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். உடம்பில் எங்கே தெரிகிறது என்று கவனியுங்கள்: தொண்டையா, தாடையா, நெஞ்சா? இருக்கும் உணர்வுக்கு ஒரு சொல் கொடுங்கள்: எரிச்சல், பயம், அலுப்பு, ஏக்கம். பிறகு நோட்டில் கண்டுபிடித்த மாற்று வேலையைத் தொடங்குங்கள். அலாரம் அடிக்கும்போதும் அந்தப் பண்டம் வேண்டும் என்றிருந்தால், ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து, உட்கார்ந்து, டிவியும் போனும் இல்லாமல் மெல்லச் சாப்பிடுங்கள். இதைத் தோல்வி என்று எண்ணவேண்டாம். நின்றுகொண்டு பொட்டலத்திலிருந்து அள்ளித் தின்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

எந்தப் பண்டத்தையும் "இனி வாழ்நாளில் கிடையாது" என்று சபதம் போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சபதம் உடையும் நாளில் "கெட்டது கெட்டுப்போச்சு" என்று மொத்த டப்பாவும் காலியாகும்.

வழுக்கிக்கொண்டு இறங்கும் தீனி

கோழித் துண்டு நாலு வாய் சாப்பிட்டால் பை நிறைந்துவிடும். டீயில் நனைத்த பிஸ்கட், ஐஸ்கிரீம், சிப்ஸ், வாயில் கரையும் முறுக்கு எதுவும் அப்படி நிற்காது. கூழாகி உடனே இறங்கிவிடும், நிறைந்த உணர்வே வராது. மனசு கேட்பதும் பெரும்பாலும் இவற்றைத்தான். காலையிலிருந்து ராத்திரி வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்தால் எந்த வேளையிலும் அதிகம் சாப்பிட்டதாகத் தெரியாது, எடை மட்டும் ஏறும். ஆபரேஷனுக்குப் பிறகு எடை திரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூன்று வேளைச் சாப்பாடு, தேவைப்பட்டால் நடுவில் ஒன்றோ இரண்டோ சிற்றுண்டி என்று நேரம் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேளையும் இருபது முப்பது நிமிடம். புரதம் முதலில், காய் அடுத்து, சோறோ இட்லியோ கடைசியில். சாப்பாட்டோடும் அடுத்த அரை மணி நேரமும் தண்ணீர் வேண்டாம். அது உணவைக் கழுவி இறக்கிவிடும். நொறுக்குத் தீனி டப்பாவை வீட்டிலிருந்தே ஒழிக்க முடியாது, குழந்தைகள் இருக்கிறார்கள். மூடியுள்ள, உள்ளே இருப்பது தெரியாத டப்பாவில் போட்டு, முக்காலி போட்டு ஏறினால்தான் எட்டும் தட்டில் வையுங்கள்.

"ஒரு வாய் சாப்பிடேன்"

நம் வீடுகளில் "சாப்பிட்டியா?" என்பதுதான் "நல்லா இருக்கியா?" என்பதற்கும் கேள்வி. ஊட்டிவிடும் கையைத் தள்ளினால் அன்பையே தள்ளியதாக அம்மாவுக்குப் படும். டாக்டர் வேண்டாம் என்றார் என்று ஒவ்வொரு முறையும் மறுப்பதைவிட, அவருக்கு ஒரு வேலை கொடுப்பது நல்ல பலன் தருகிறது. "அம்மா, நீ செஞ்ச மீன் புட்டுதான் எனக்குத் தொண்டையில இறங்குது. ரெண்டு கரண்டி போதும். மீதிய எடுத்து வை, ராத்திரிக்கும் எனக்கு அதுதான்." அவர் சமைத்ததை நீங்கள் சாப்பிடுகிறீர்கள், மிச்சமும் உங்களுக்கென்றே இருக்கிறது. பேச்சை சாப்பாட்டு நேரத்தில் தொடங்காதீர்கள். இலைக்கு முன் நடக்கும் விவாதத்தில் இரண்டு பக்கமும் அழுகையில்தான் முடியும்.

கல்யாண வீட்டுக்குப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வீட்டிலேயே முட்டையோ பனீரோ சாப்பிட்டுவிடுங்கள். பந்தியில் தெரிந்தவர் பக்கத்தில் உட்காருங்கள். கூட்டு, அவியல், பருப்பு இவற்றிலிருந்து தொடங்கி, சாதம் பரிமாற வரும்போது இலைமேல் கை நீட்டிக் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளுங்கள். பைபாஸ் செய்தவர்கள் பாயசத்தைத் தள்ளிவைப்பது நல்லது. சாப்பிட்டுப் பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் வயிற்றுப் பிடிப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வந்து மண்டபத்திலேயே படுத்துவிட நேரலாம். போதும் என்றதும் இலையை மடித்துவிடுங்கள். எத்தனை முறை வாயால் "போதும்" என்றாலும் விடாதவர்கள், மடித்த இலையில் பரிமாற மாட்டார்கள்.

ஏக்கத்துக்கு இடம் கொடுங்கள்

முதல் இரண்டு மூன்று மாதங்களில் பிரியாணி வாசனைக்கு அழுதவர்கள் உண்டு. "எதுக்கு இதைப் பண்ணிக்கிட்டோம்" என்று நினைப்பவர்களும் நிறைய. கூடவே இருந்த ஒன்று போய்விட்ட துக்கம் அது, வெட்கப்பட ஏதுமில்லை. வீட்டில் யாரிடமாவது அதே சொல்லில் சொல்லிவிடுங்கள். பெரும்பாலோருக்கு உணவு வகைகள் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேரச் சேர இது குறைகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் சோகம் விடாமல் இருந்தால், தூக்கம் போய், பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால், அது மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. மெதுவாகக் கரையும் வகை மாத்திரை பைபாஸுக்குப் பிறகு சரியாக உடம்பில் சேராமல் போகலாம், அளவையும் வகையையும் டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

மதுவைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லவேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு மது வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது. முன்பு மூன்று கோப்பையில் வந்த போதை ஒன்றிலேயே வரலாம். சாப்பாடு தந்த ஆறுதலை இங்கே தேடுபவர்கள் இருக்கிறார்கள், குடிப்பழக்கச் சிக்கல் இரண்டாம் ஆண்டிலிருந்து கூடுவதும் ஆய்வுகளில் தெரிந்த விஷயம். முதல் ஆண்டு முழுவதும் தொடாதீர்கள். முன்பே குடிப்பழக்கம் இருந்தவர்கள் அதற்குப் பிறகும் வேண்டாம்.

உடனே டாக்டரிடம் போகவேண்டிய நிலைகளும் உண்டு. தெரியாமல் ஒளித்துச் சாப்பிடுவது, வயிறு வலித்தும் நிறுத்த முடியாமல் போவது, சாப்பிட்டதை வரவழைத்து வாந்தி எடுப்பது, எடை ஏறிவிடுமோ என்ற பயத்தில் கஞ்சியைக்கூட மறுப்பது. வாந்தி எந்தக் காரணத்தால் நாள்கணக்கில் தொடர்ந்தாலும் காத்திருக்கக் கூடாது. தயமின் என்ற வைட்டமின் பி1 தீர்ந்து மூளையும் நரம்பும் பாதிக்கப்படலாம். நடை தள்ளாடுவது, பார்வை இரட்டையாவது, குழப்பம் ஆகியவை அவசர சிகிச்சைக்கான அறிகுறிகள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் டெலி மானஸ் 14416 எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அடுத்த ஃபாலோ-அப்புக்கு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். எடையைப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் போகுது" என்று அனுப்பிவிடுவதற்கு முன், பசி எண் மூன்றுக்குக் கீழே இருந்தும் சாப்பிடத் தோன்றிய நாள்களுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டு, டயட்டீஷியன் முன்னால் அந்தப் பக்கங்களைத் திறந்து வையுங்கள்.