மனு எல்லாம் ‘அனுப்புநர்’ என்றே சேவ் ஆகிறதா? வேர்ட் டெம்ப்ளேட்டிலேயே ஃபைல் பெயரை வைக்கும் வழி

நெல்லை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் டைப்பிங் கடை வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த தொல்லை. அனுப்புநர், அனுப்புநர்1, அனுப்புநர் புதுசு, அனுப்புநர் கடைசி என்று ஃபோல்டர் முழுக்க ஒரே பெயரில் ஃபைல்கள் கிடக்கும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளன்று ஒருவர் வந்து, “அண்ணாச்சி, போன வாரம் அடிச்ச பட்டா மனுல தேதியை மட்டும் மாத்தித் தாங்க” என்று நின்றால், ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து முடிப்பதற்குள் பின்னால் நிற்கிற ஆட்கள் சத்தம் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

புது ஃபைலை முதல் தடவை சேவ் செய்யும்போது வேர்ட் தானாக ஒரு பெயரைக் காட்டும். ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் ‘டைட்டில்’ என்ற இடத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதை எடுத்துக்கொள்ளும், அது காலியாக இருந்தால் முதல் வரியை எடுக்கும். நம் ஊர் மனுவில் முதல் வரி எப்போதும் ‘அனுப்புநர்’தானே, வேறு என்ன வரும்? பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடிப்பவர்கள் நிலை இன்னும் மோசம், அங்கே ஃபைல் பெயர் தலையும் வாலும் புரியாத ஆங்கில எழுத்துக்கோவையாக வந்து நிற்கும்.

ஆக, டெம்ப்ளேட்டின், அதாவது ஒவ்வொரு மனுவையும் தொடங்க நாம் வைத்திருக்கும் மாதிரி ஃபைலின், டைட்டிலை நிரப்பி வைத்தால் பாதி வேலை முடிந்தது. டெம்ப்ளேட்டை டபுள் கிளிக் செய்யாதீர்கள், அப்படிச் செய்தால் அதிலிருந்து ஒரு புது ஃபைல்தான் உருவாகும், நீங்கள் செய்த மாற்றம் டெம்ப்ளேட்டில் சேராது. ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன்’ கொடுங்கள், மேலே டாக்குமெண்ட்1 என்று காட்டாமல் டெம்ப்ளேட்டின் பெயரையே காட்டுகிறதா என்று ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஃபைல், இன்ஃபோ போனால் வலது பக்கம் ப்ராப்பர்ட்டீஸுக்குக் கீழே டைட்டில் இருக்கும். அங்கே ‘பட்டா மாறுதல் மனு’ என்று யூனிகோடில் (பாமினியில் இல்லை) அடித்து, சேவ் செய்து மூடுங்கள். இனி அந்த டெம்ப்ளேட்டிலிருந்து வரும் புது ஃபைலை எஃப்12 அழுத்தி சேவ் செய்தால் அந்தப் பெயர் தயாராக நிற்கும், கூடவே ஊர்ப் பெயரை மட்டும் சேர்த்தால் போதும். சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி இதெல்லாம் விண்டோஸில் ஃபைல் பெயருக்கு ஆகாது என்பதால் டைட்டிலிலும் வேண்டாம். புள்ளி, கோடு போன்றவற்றையும் தவிர்த்துவிடுவது நல்லது.

அந்த ஊர்ப் பெயரைக்கூட தனியாக அடிக்க வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். டெம்ப்ளேட்டில் ‘பொருள்:’ என்ற இடத்துக்குப் பக்கத்தில் கர்சரை வைத்து, இன்செர்ட், குவிக் பார்ட்ஸ், டாக்குமெண்ட் ப்ராப்பர்ட்டி, டைட்டில் என்று போங்கள். ஒரு சின்னப் பெட்டி வந்து உட்காரும். மனு அடிக்கும்போது அந்தப் பெட்டிக்குள் ‘பத்தமடை பட்டா மாறுதல்’ என்று அடித்தால் அதுவே ப்ராப்பர்ட்டீஸில் டைட்டிலாகவும் ஏறிவிடும், சேவ் செய்யும்போது ஃபைல் பெயராகவும் வரும். ஒரே அடியில் பொருளும் முடிந்தது, பெயரும் முடிந்தது. ஒன்று மட்டும் கவனம்: ‘கோருதல் – தொடர்பாக’ என்று நாம் வழக்கமாக இழுக்கிற வாலைப் பெட்டிக்கு வெளியே டெம்ப்ளேட்டிலேயே அடித்து வைத்துவிடுங்கள், உள்ளே போட்டால் அதுவும் ஃபைல் பெயரில் தொங்கும். பெட்டியைக் காலியாக விட்டால் பழையபடி ‘அனுப்புநர்’ வந்துவிடும், அதனால் ‘மனு’ என்றாவது ஒரு சொல் உள்ளே இருக்கட்டும்.

தேதியும் தானாக ஒட்ட வேண்டும் என்பவர்களுக்கு மேக்ரோ, அதாவது வேர்டுக்குள் தானாக ஓடும் ஒரு சின்ன ப்ரோக்ராம், தேவை. டெம்ப்ளேட்டை மேக்ரோ எனேபிள்டு டெம்ப்ளேட்டாக சேவ் செய்து, ஆல்ட்டும் எஃப்11-ம் அழுத்தி, அந்த டெம்ப்ளேட்டுக்குள் ஒரு மாட்யூல் சேர்த்து, ஆட்டோநியூ (AutoNew) என்ற பெயரில் எழுதினால், டெம்ப்ளேட்டிலிருந்து புது ஃபைல் பிறக்கும் ஒவ்வொரு முறையும் அது ஓடும். இருக்கிற டைட்டிலை எடுத்து, பின்னால் இன்றைய தேதியை ஒட்டி, திரும்ப டைட்டிலிலேயே போட வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. தமிழ்ப் பெயரை மேக்ரோவுக்குள் அடிக்க முயலாதீர்கள், அந்த எடிட்டருக்கு யூனிகோடு ஆகாது, வெறும் கேள்விக்குறிகளாகக் காட்டும். தமிழ் டைட்டிலில் இருக்கட்டும், மேக்ரோ தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். தேதியை 2025 03 10 மாதிரி கோடு இல்லாமல், ஆண்டு முதலில் வரும்படி வைத்தால் ஒரே வகை மனுக்கள் தேதி வரிசையில் அடுக்கி நிற்கும், 10 03 2025 என்று வைத்தால் எல்லா மாதத்துப் பத்தாம் தேதியும் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

மேக்ரோவையும் பொருள் பெட்டியையும் ஒரே டெம்ப்ளேட்டில் வைக்காதீர்கள், தேதி மனுவின் பொருளிலும் போய் ஒட்டிக்கொள்ளும். மேக்ரோ ஓடவே இல்லை என்றால், டெம்ப்ளேட் இருக்கும் ஃபோல்டரை வேர்டின் டிரஸ்ட் சென்டரில் டிரஸ்டட் லொக்கேஷனாகச் சேர்த்துப் பாருங்கள். கடையில் நாலு பேர் உட்கார்ந்து அடிக்கிறீர்கள் என்றால் இந்தத் தலைவலியே வேண்டாம், பொருள் பெட்டியோடு நின்றுவிடலாம்.

இன்டர்நெட்டில் இறக்கிய டெம்ப்ளேட்டாக இருந்தால் முதலில் அதன் டைட்டிலைப் பாருங்கள். யாரோ எப்போதோ வைத்த தலைப்பு உள்ளே இருக்கும், பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் வாங்குபவரின் பிரவுசர் டேபில் அந்தத் தலைப்புதான் தெரியும். ஏற்கெனவே சேவ் ஆகிக் கிடக்கும் பழைய ‘அனுப்புநர்’ ஃபைல்களுக்கு இதெல்லாம் உதவாது, அவற்றைக் கையால்தான் மாற்ற வேண்டும்.