அலுமாரிக்குள் மறந்த கடனட்டையும் கிரிப் அறிக்கையும்: அவசரத்தில் செய்யக்கூடாதவை

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ முச்சக்கரவண்டி லீசிங்குக்கு விண்ணப்பித்துவிட்டு வங்கி மேசைக்கு முன்னால் அமர்ந்திருப்பவரிடம், "உங்கள் பெயரில் கொழும்பில் எடுத்த கார்ட் ஒன்று இருக்கிறதே" என்று அதிகாரி சொல்லும்போது, அது எந்த கார்ட் என்று நினைவுக்கு வரவே பலருக்கு நேரமாகிறது. கொழும்பில் கடையொன்றில் வேலை பார்த்த காலத்தில், குளிர்சாதனப் பெட்டியைத் தவணைக்கு வாங்குவதற்காக, கடையும் வங்கியும் சேர்ந்து கொடுத்த கடனட்டை அது. தவணை முடிந்ததும் அட்டை அலுமாரிக்குள் போனது. ஆள் ஊர் திரும்பியாயிற்று. அட்டையின் கணக்கு மட்டும் மூடப்படவில்லை.

பணம் கட்டி முடித்த பின் கணக்கு எப்படிக் கடனாகிறது என்பதுதான் பலருக்கும் விளங்காத இடம். அட்டையைப் பயன்படுத்தாவிட்டாலும் ஆண்டுக் கட்டணம் விழும். அது 2,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அதைக் கட்டாததற்கு மாதம் 750 ரூபா தாமதக் கட்டணம் என்றால், ஒரே வருடத்தில் அதுமட்டும் 9,000 ரூபா. அதன் மேல் வட்டி வேறு. ஒரு பொருளும் வாங்காமலே ஒருவர் கடன் தவறியவராகப் பதிவாவது இப்படித்தான்.

"கடிதம் எதுவும் வரவில்லை, ஆகவே கடன் எதுவும் இல்லை" என்று எண்ணுவது முதலாவது தவறு. மற்ற ஊர்களைவிட மலையகத்தில் இது கூடுதலாக நேர்வதற்குக் காரணம் உண்டு. லயத்து வீடுகளுக்குத் தனித்தனி முகவரி இல்லாத தோட்டங்களில், தபால் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்தனுப்பப்பட்டு, டிவிஷன் மாறி, பெயர் குழம்பி, கடைசியில் எங்கோ தங்கிவிடுகிறது. வங்கியின் பதிவேட்டில் அது அனுப்பப்பட்ட கடிதம்தான். அடையாள அட்டையிலுள்ள தோட்ட முகவரியைக் கொடுத்துவிட்டுக் கொழும்பில் வாடகை அறையில் இருந்தவர்களுக்கு அந்தக் கடிதங்களைக் காணவே வாய்ப்பிருந்திருக்காது.

ஆகவே வங்கியோடு பேசுவதற்கு முன் கிரிப் அறிக்கையை எடுத்துப் படிக்க வேண்டும். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தைத்தான் நாம் கிரிப் என்கிறோம். தன்னைப் பற்றிய அறிக்கையைப் பெற எவருக்கும் உரிமை உண்டு. "கிரிப்பில் போட்டுவிட்டார்கள்" என்று ஊரில் பேசிக்கொண்டாலும், அங்கே கறுப்புப் பட்டியல் என்று ஒன்று இல்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கொடுக்கும் விபரத்தை அது தொகுத்து வைக்கிறது. கடன் கொடுப்பதா மறுப்பதா என்பதை விண்ணப்பித்த வங்கியே தீர்மானிக்கிறது. ஒழுங்காகக் கட்டிய கடன்களும், அடுத்தவருக்காகப் பிணை நின்ற கடன்களும் அதே அறிக்கையில் இருக்கும். வங்கியின் பெயர் புதிதாகத் தெரிந்தால் உடனே மறுத்துவிடவும் கூடாது. டி.எஃப்.சி.சி. வர்தன வங்கி 2015இல் டி.எஃப்.சி.சி. வங்கியோடு இணைந்தது, இத்தகைய இணைப்புகளுக்குப் பின் பழைய கணக்கு வேறு பெயரில் தென்படலாம்.

அறிக்கை கையில் கிடைத்ததும் தொகையை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. முதலில் அடையாள அட்டை இலக்கத்தைப் பார்க்க வேண்டும். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பதும், ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுவதும் நமக்குப் புதிதல்ல. பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருக்கும்; புதியதில் பன்னிரண்டு இலக்கங்கள். பழைய இலக்கத்தின் முன்னால் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியத்தை இட்டு, கடைசி எழுத்தை நீக்கினால் புதிய இலக்கம் வர வேண்டும். பொருந்தாவிட்டால் அந்தக் கடன் வேறொருவருடையதாக இருக்கக்கூடும். திருத்தத்துக்கான விண்ணப்பத்தைப் பணியகத்திடமும், அந்த விபரத்தைக் கொடுத்த வங்கியிடமும் எழுத்தில் கொடுக்க வேண்டும். வங்கி உறுதிப்படுத்தாமல் பணியகம் தானாக ஒரு வரியையும் மாற்றாது. "நான் ஆள் பிடித்து கிரிப்பைச் சுத்தம் செய்து தருகிறேன்" என்பவரிடம் கொடுக்கும் காசு தொலைந்த காசு.

கடன் உண்மையில் நம்முடையதுதான் என்றால், மிகவும் நிதானம் வேண்டிய இடம் இனித்தான் வருகிறது. வசூல் முகவர் தொலைபேசியில், "இப்போதைக்கு ஒரு 5,000 கட்டுங்கள், மீதியைப் பிறகு பேசுவோம்" என்பார். அவருடைய குரல் இனிமையாக இருந்தாலும் மிரட்டலாக இருந்தாலும், அந்த வேளையில் கட்டிவிடக்கூடாது. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, எழுத்து மூலமான ஒப்பந்தத்தின் பேரில் வழக்குத் தொடரப் பொதுவாக ஆறு வருடங்களே உள்ளன. ஆனால் ஒரு சிறு தொகையைக் கட்டுவதாலோ, கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட கடிதம் கொடுப்பதாலோ அந்தக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கக்கூடும். ஆறு வருடம் எந்தத் திகதியிலிருந்து எண்ணப்படும் என்பதில் வாதம் எழும் என்பதால், தொகை பெரிதானால் சட்டத்தரணியையோ சட்ட உதவி ஆணைக்குழுவையோ கேட்டுக்கொள்வதே பாதுகாப்பு. அதேவேளை, காலம் கடந்த கடனுக்கு வழக்குப் போட முடியாது என்பதற்காக அறிக்கையிலுள்ள பதிவு அழிந்துபோவதில்லை. லீசிங் எடுக்க நினைப்பவருக்குச் சட்டத்தில் வெல்வதைவிட அந்தக் கடனைத் தீர்ப்பதுதான் பயனாக இருக்கலாம். இரண்டையும் எடைபோட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தீர்ப்பதென்று முடிவெடுத்தால், கணக்கு தொடங்கிய நாள் முதலான கணக்குக் கூற்றைக் கேட்டு வாங்கி, எவ்வளவு கட்டணம், எவ்வளவு வட்டி என்று பிரித்துப் பார்த்து, தள்ளுபடி கேட்க வேண்டும். பொருள் வாங்காமல் கட்டணத்தாலேயே ஏறிய கணக்கென்றால், கேட்பதற்கு நியாயம் உண்டு. இணங்கிய தொகையை வங்கியின் கடிதத் தலைப்பில் எழுதி வாங்கிய பிறகே கட்ட வேண்டும். வங்கி செவிசாய்க்காவிட்டால் முறைப்பாட்டை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்குக் கொண்டுபோகலாம்.

நிலுவை ஏதும் இல்லாத அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிப்போட்டால் கணக்கு மூடிவிடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன், சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. எழுத்தில் விண்ணப்பித்துத்தான் மூட வேண்டும். இளைஞர்கள் சிலர் அமெரிக்க யூடியூப் காணொளிகளைப் பார்த்துவிட்டு, பழைய அட்டையை மூடினால் கடன் மதிப்பெண் குறையும், கெட்ட பதிவு ஏழு வருடத்தில் தானாக நீங்கும் என்று வாதிடுகிறார்கள். ஏழு வருடம் அந்த நாட்டுச் சட்டத்தின் கணக்கு. இங்கே ஆண்டுக் கட்டணம் விழும் அட்டையை, பாவிக்காமல் சும்மா வைத்திருப்பதில் எனக்கு ஒரு நன்மையும் தெரியவில்லை.

ஒரு வங்கி மறுத்ததும் அதே வாரத்தில் இன்னும் நான்கு இடங்களில் விண்ணப்பிப்பதும் உதவாது. ஒவ்வொரு வங்கி பார்த்ததும் அறிக்கையில் பதிவாகும். மூடியதற்கான கடிதத்தைப் பத்திரமாக வைத்து, இரண்டு மாதம் கழித்து அறிக்கையை மறுபடி எடுத்து, நிலுவை பூச்சியமாகி விட்டதா என்று பார்த்த பின், இரண்டு தாள்களையும் கையில் எடுத்துக்கொண்டு லீசிங் மேசைக்குப் போகலாம். புதிய விண்ணப்பத்தில் எழுதும் முகவரி, கடிதம் உண்மையாகவே கைக்கு வந்து சேரும் முகவரியாக இருக்கட்டும்.